கிழிந்த கால்சட்டையும் ஆறு ஷில்லிங்கும்

(மாவட்ட விளையாட்டுக் கழக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, மூன்று மணிக்கே வந்து காத்திருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர்களே, பந்தல், ஒலிபெருக்கி, உளுந்து வடை மூன்றையும் தம் செலவில் ஏற்ற புரவலர் ஐயா அவர்களே, பயிற்சியாளர்களே, நடுவர்களே, ஆடிய களைப்போடு பின்னால் நிற்கும் பிள்ளைகளே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள்க.

ஜார்ஜ் ரோலண்ட் ஹில் என்ற ஆங்கிலேயரைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வேண்டும்: அவர் விசில், அவர் வாக்கு, 1884 ஸ்காட்லாந்து தகராறு. மூன்றுக்கும் பழமொழி ஒன்றே. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்.

ஹில் 1855இல் கிரீனிச்சில் பிறந்தவர். லண்டன் சாமர்செட் ஹவுஸில், உயில்களைப் பதியும் அலுவலகத்தில் எழுத்தர். குயின்ஸ் ஹவுஸ் கிளப்புக்கு ரக்பி, அதாவது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம், ஆடினார். இங்கிலாந்து அணியில் இடம் கிடைக்கவில்லை. ஆனால் 1881 முதல் 1904 வரை இங்கிலாந்தில் அந்த ஆட்டத்தை நடத்தும் சங்கமான ரக்பி யூனியனுக்கு அவர்தான் செயலாளர். பிறகு மூன்றாண்டு தலைவர். 1926இல் சர் பட்டம்.

இப்போது விசிலுக்கு வருகிறேன். 1889 பிப்ரவரி 16, பிளாக்ஹீத் மைதானம். ஒரு பக்கம் இங்கிலாந்து. எதிரே நியூசிலாந்து நேட்டிவ்ஸ், பெரும்பாலும் அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகள். 26 பேராகக் கப்பலேறி வந்து, பிரிட்டன், அயர்லாந்தில் மட்டும் 74 ஆட்டம் ஆடிய கூட்டம் அது. அன்று ரெஃபரி யார் தெரியுமா? இங்கிலாந்து அணியை நடத்தும் யூனியனின் செயலாளர், சாட்சாத் நம் ஹில்! (சிரிப்பு) எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அது ‘ட்ரை’. முன்னமே இங்கிலாந்துக்கு இரண்டு ட்ரைகளைக் கொடுத்துவிட்டார், வந்தவர்கள் மறுத்தும். பிறகு பந்தோடு ஓடிய இங்கிலாந்தின் ஸ்டாடர்ட்டை டாம் எலிசன் பிடித்தார். ஆள் தப்பினார், கால்சட்டை தப்பவில்லை. (பலத்த சிரிப்பு) மாவோரிகள் என்ன செய்தார்கள்? ஆட்டத்தை விட்டுவிட்டு, மனுஷன் மானம் காக்க அவரைச் சுற்றி வட்டமாக நின்றுகொண்டார்கள். அந்த நேரம் பார்த்து எவர்ஷெட் பந்தை அள்ளிக்கொண்டு ஓடிக் கோட்டைத் தாண்டி வைத்துவிட்டார். எல்லோரும் ஹில்லைப் பார்க்கிறார்கள். ஹில் சொன்னது: ட்ரை! மூன்று நேட்டிவ்ஸ் வீரர்கள் மைதானத்தை விட்டே வெளியேறினார்கள். சமாதானம் சொல்லித்தான் திரும்ப அழைத்துவர முடிந்தது. அன்றைய கணக்கில் ட்ரை 1 புள்ளி, பிறகு பந்தை உதைத்துக் கம்பத்துக்கு மேலே அனுப்பி அதைக் கோலாக மாற்றினால் 3. ஒரு கோல், நான்கு ட்ரை, 7–0. அதன்பின் மன்னிப்புக் கடிதம் யார் கொடுத்தது? வந்த விருந்தாளிகள்!

ஹில் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. விசில் ஊதாதவரை பந்து உயிரோடுதான் இருக்கிறது. விதி அவர் பக்கம். ஆனால் ஒரு கட்சியின் செயலாளர் கையில் விசிலைக் கொடுத்தால், தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும். நம் நடுவர் பட்டியலையும் இந்தக் கண்ணோடு ஒரு தடவை பாருங்கள். மேடையில் இதற்கு மேல் வேண்டாம்.

அடுத்தது வாக்கெடுப்பு; அதுதான் என் விஷயம். வட இங்கிலாந்தின் யார்க்ஷயர், லங்காஷயர் பஞ்சாலை, சுரங்கத் தொழிலாளிகளுக்குச் சனிக்கிழமை அரைநாள் வேலை. வெளியூர் ஆட்டமென்றால் ரயிலைப் பிடிக்க அந்த அரைநாளும் போகும், கூலியும் போகும். ஆனால் காசு வாங்காமல்தான் ஆட வேண்டும் என்பது யூனியன் விதி. ஹாலிஃபாக்ஸ் வீரர் க்ளோஸ், 1888 ஆஸ்திரேலியப் பயணத்துக்குத் துணிமணி வாங்க 15 பவுண்டு வாங்கினார். அதற்கே ‘தொழில்முறை வீரர்’ என்று முத்திரை குத்தினார்கள். 1893 செப்டம்பர் 20, யூனியனின் லண்டன் பொதுக்கூட்டத்தில் யார்க்ஷயரின் மில்லர் கேட்டது இழந்த கூலியை மட்டும்தான். சம்பளம் கேட்கவில்லை. எதிர்த்து வில்லியம் கெய்ல் திருத்தம் கொண்டுவந்தார், ஹில் வழிமொழிந்தார். 282க்கு 136; கோரிக்கை தோற்றது. வடக்கிலிருந்து சிறப்பு ரயிலில் ஆள் வந்தும், தெற்குக் கிளப்புகளின் பதிலாள் வாக்குகள் கட்டுக்கட்டாக ஒருவர் கையில் இருந்தன. மாதச் சம்பளக்காரர் தசை மாதச் சம்பளக்காரர் பக்கம் ஆடியது!

விளைவு? 1895 ஆகஸ்ட் 29, ஹடர்ஸ்ஃபீல்ட் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்குக் கிளப்புகள் தனி யூனியன் கண்டன. இழந்த கூலிக்கு நாளொன்றுக்கு 6 ஷில்லிங் வரை என்று உச்சவரம்பு வைத்தார்கள். இங்கே இங்கிலாந்து அணி 1892க்குப் பிறகு, பக்கத்து நாடுகளோடு மோதும் ரக்பிப் போட்டியின் சாம்பியன் பட்டத்தைத் தனியாக வெல்ல 1910 வரை காத்திருந்தது. வடக்கின் தசைவலு போனதுதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

ஸ்காட்லாந்து தகராறுக்கு நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நம் பிள்ளைகளுக்கு வருகிறேன். மாவட்ட அணிக்கு ஆட வரும் நாளில் கூலி இழக்கும் பிள்ளைக்கு அதை ஈடுகட்ட வேண்டும். தாளில் நான்கு கட்டம் போதும்: பெயர், ஆட்ட நாள், அன்று இழந்த கூலி, வேலை கொடுத்தவர் கையொப்பம். உச்சவரம்பு கழகமே வைக்கட்டும். ரொக்கமாகக் கையில் கொடுத்தால் பேச்சு வரும். வங்கிக் கணக்கில் போடுங்கள். மனு வாசல் மேசையில், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் கையெழுத்து புரவலர் ஐயா போட்டுவிட்டார். இரண்டாவது இடத்தை மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறோம். (கைதட்டல்)