ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி

(தருமபுரியில் கட்டடப் பொறியாளர்களும் மேஸ்திரிகளும் கூடிய கூட்டமொன்றில் பேசியது)

அனைவருக்கும் வணக்கம்.

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தால் என்னைப் பேசக் கூப்பிடுவார்கள். அங்கே எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் எங்கள் ஆட்கள்தான். படியேற முடியாதவர்களிடமே படியைப் பற்றிப் பேசிவிட்டு வீடு திரும்புவேன். இன்று எதிரில் இருப்பவர்கள் படி கட்டுகிறவர்கள். அதனால்தான் கூப்பிட்டவுடன் சரி என்றேன்.

நான் பென்னாகரம் பக்கம். புளி உலுக்க மரமேறியபோது கிளை முறிந்து விழுந்தேன், முதுகுத்தண்டில் அடி. இந்தப் பகுதியில் சக்கர நாற்காலிக்கு வந்தவர்களை விசாரித்துப் பாருங்கள். சிலர் என்னைப் போல் புளிய மரத்திலிருந்து விழுந்தவர்கள். சிலர் தொப்பூர் கணவாயில் லாரியிலோ பைக்கிலோ அடிபட்டவர்கள். இன்னும் சிலர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போய்ச் சாரத்திலிருந்து விழுந்தவர்கள். கடைசியாகச் சொன்னவர்கள் உங்கள் தொழிலைச் செய்தவர்கள். உங்களில் யாரோ ஒருவரோடு சேர்ந்து கலவை போட்டவராகக்கூட இருக்கலாம்.

இதோடு நம் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறை படிவது வெளியே தெரிகிற அடையாளம். பல வருடம் குடித்தால் முதுகும் முழங்காலும் இறுகிப்போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்ததற்குக் காரணமே இந்தப் பாதிப்புதான். அதற்கு முன்னால் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்த பெரியவர்களுக்கு இன்றைக்கு ஒரு படி ஏறுவதே பெரும்பாடு. ஆகவே படி இருக்கிற இடத்தில் சக்கர நாற்காலி ஏற நான் கேட்கிற சாய்தளம் எனக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

நம் ஊரில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வாசலில் பைக் ஏற்றச் சாய்வு போடாத வீடு அபூர்வம். வீட்டுக்காரர் கேட்பதற்கு முன்பே மேஸ்திரி போட்டுவிடுகிறார். வண்டி உள்ளே போக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த தேவை, அதற்கு யாரும் நன்றி எதிர்பார்ப்பதில்லை. அதே கை பொதுக் கட்டடத்துக்கு வந்ததும் சாய்தளத்தை ஓரமாக, மீந்த இடத்தில், மீந்த கலவையில் முடித்துவிடுகிறது. நான் அடிக்கடி போக வேண்டிய ஓர் அலுவலகத்தில் இரண்டு அடி உயரத்துக்கு ஆறடி நீளத்தில் சாய்தளம் போட்டிருக்கிறார்கள். ஏறும்போது நாற்காலி பின்பக்கம் சாய்கிறது, இறங்கும்போது முன்னால் தள்ளுகிறது. மேலே போய்ச் சேர்ந்தால் வாசலில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு நிலைப்படி. முன் சக்கரம் சின்னது, அது அங்கேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

அளவு இதுதான்: ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இரண்டு அடி என்றால் இருபத்துநான்கு அடி. இடம் போதவில்லையா, நடுவில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டுங்கள். அந்தச் சமதளத்தில்தான் கை ஓய்வெடுக்கும், நாற்காலியும் திரும்பும். இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். தரைக்கு வழவழப்பான டைல்ஸ் வேண்டாம். மழை பெய்தால் எங்கள் சக்கரம் வழுக்கும், கைத்தடியோடு வருகிற பாட்டிக்கும் வழுக்கும்.

சாய்தளத்தைவிட எங்களை அதிகம் வாட்டுவது கழிப்பறை. மேடையில் யாரும் இதைப் பேசுவதில்லை, நான் பேசுகிறேன். சாதாரண சக்கர நாற்காலியின் அகலம் ஏறத்தாழ இரண்டேகால் அடி. கழிப்பறைக்கு நீங்கள் வைப்பது இரண்டரை அடிக் கதவு. நிலையும் கதவின் கனமும் போக மிஞ்சுகிற இடத்தில் நாற்காலி நுழையாது. அதனால் வெளியூர் போகிற நாளில் எங்களில் பலர் தண்ணீர் குடிப்பதே இல்லை. சித்திரை வெயிலிலும் குடிப்பதில்லை. முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும், சிறுநீரகம் வரைக்கும் போகும். தண்ணீரை அடக்குவது அதை வலிய வரவழைப்பது மாதிரி. பெண்கள் நிலை இன்னும் கொடுமை. வேலை கிடைத்தும், அலுவலகத்தில் கழிப்பறை வசதி இல்லை என்று அதை விட்டுவிட்டு வந்த தங்கைகளை எனக்குத் தெரியும். கதவுத் திறப்பு மூன்றடி, கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளே நாற்காலி ஒரு சுற்றுச் சுற்ற ஐந்தடி, பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளக் கம்பி. ஒரு பெண் வேலையில் நிலைப்பதும் விட்டுப்போவதும் இந்த நாலு அளவில் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பொறியாளர்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 44ஆம் பிரிவுப்படி, மாற்றுத்திறனாளிகள் தடையில்லாமல் வந்துபோவதற்கான அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கக் கூடாது, கட்டி முடித்தாலும் சான்றிதழ் கொடுக்கக் கூடாது. பழைய பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய 45ஆம் பிரிவு ஐந்து ஆண்டு கொடுத்தது. விதிகள் வந்தது 2017 ஜூன், கெடு 2022இலேயே முடிந்துவிட்டது. பொதுக் கட்டடம் என்றால் அரசுக் கட்டடம் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுமக்கள் வந்துபோகிற தனியார் கட்டடமும் இதில் அடக்கம். ஜவுளிக் கடை, கிளினிக், கல்யாண மண்டபம் எல்லாம் வரும். மண்டபம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தை ஏன் பாதாளத்தில் வைக்கிறீர்கள்? தாய்மாமன் சீர் செய்துவிட்டுத் தனியாக மேலேயே உட்கார்ந்திருக்க, அவருக்கு இலையில் எடுத்து வருகிறார்கள். பந்தியில் உட்கார முடியாத சொந்தக்காரன் எவ்வளவு நாளைக்கு விசேஷத்துக்கு வருவான்?

ராஜீவ் ரத்தூரி என்ற பார்வையற்றவர் 2005இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று ஒரு முக்கியமான தீர்ப்பு வந்தது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமானவற்றைத் தனியாக வகுக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு மூன்று மாதக் கெடு விதித்தார்கள். விதிகள் கட்டாயமாக வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவே பத்தொன்பது ஆண்டு.

வெளிநாட்டிலும் இது சும்மா கிடைத்துவிடவில்லை. 1990 மார்ச் 12 அன்று வாஷிங்டனில், நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் மாற்றுத்திறனாளிகள் சக்கர நாற்காலியையும் ஊன்றுகோலையும் கீழே விட்டுவிட்டுப் படிகளில் கையூன்றி ஊர்ந்து ஏறினார்கள். அவர்களில் ஒருத்தி ஜெனிஃபர் கீலன், எட்டு வயதுச் சிறுமி. அந்தப் படிகள் நாட்டுக்கே தெரிந்துபோயின. அதே ஆண்டு ஜூலை 26 அன்று அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் கையெழுத்தானது. 2006இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை வந்தது, அடுத்த ஆண்டே இந்தியா அதை ஏற்று உறுதிசெய்தது. அதன் 9ஆம் பிரிவு முழுக்க இந்த அணுகலைப் பற்றியது.

உங்களில் சிங்கப்பூர் போய் வந்தவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம். இத்தனை பேரா! அங்கே சாய்தளம் கட்டியிருப்பீர்கள். அங்கேயும் இதே ஒன்றுக்குப் பன்னிரண்டுதான். சூப்பர்வைசர் அளந்து பார்த்து, தப்பாக இருந்தால் இடிக்கச் சொல்லியிருப்பார், நீங்களும் இடித்துச் சரியாகக் கட்டியிருப்பீர்கள். தருமபுரிக்காரர் கட்டிய சாய்தளத்தில் அந்த ஊர்ப் பெரியவர் யார் துணையும் இல்லாமல் போய் வருகிறார். கை தெரிந்த வேலைதான். இங்கே அளக்க ஆள் இல்லை, அவ்வளவுதான் குறை.

நம் மாவட்டத்துக் கதை ஒன்று. பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடம் இருக்கிறது. சிறையில் அவருக்குத் தொழுநோய் வந்தது. தொழுநோயாளி ரயிலில் ஏறக் கூடாது என்று ஆங்கிலேய அரசு தடுத்தது. புண்பட்ட காலோடு நடந்தும், கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், 1925 ஜூலையில் பாப்பாரப்பட்டியிலேயே கண்மூடினார். தொழுநோயிலிருந்து குணமானவர்கள் இன்று 2016 சட்டம் சொல்லும் 21 மாற்றுத்திறனாளி வகைகளில் ஒன்றாக இருக்கிறார்கள். சென்னையில் 2024இல் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கிவிட்டன. பென்னாகரம் பேருந்தில் இன்னமும் என்னைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். அந்த மனிதருக்கு மறுக்கப்பட்ட பயணம் எனக்கும் மிச்சம் இருக்கிறது. பேருந்து உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். வாசல் இருக்கிறது.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். புதிதாகக் கடையோ மண்டபமோ பள்ளிக்கூடமோ கட்டும்போது, கான்கிரீட் போடுவதற்கு முன்னால் எங்களைக் கூப்பிடுங்கள். போட்ட பிறகு இடிப்பது உங்களுக்கும் செலவு, முதலாளிக்கும் வருத்தம். சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிற நிலையில் சொன்னால் போதும். நானோ எங்கள் ஆட்களில் ஒருவரோ நாற்காலியோடு வந்து, கதவு வருகிற இடத்திலும் கழிப்பறை வருகிற இடத்திலும் சுற்றிக் காட்டுகிறோம். அரை நாள் வேலை. காசு வேண்டாம், போக வர ஒரு ஆட்டோ ஏற்பாடு செய்தால் போதும்.