பாதி டம்ளர் காபியும் எச்.ஏ.க்யூ. கேள்வித்தாளும்

வணக்கம். முடக்குவாதத்துக்கு டாக்டரைப் பார்க்கப் போனால் ஒரு கேள்வித்தாள் கொடுத்து நிரப்பச் சொல்கிறார்களே, அது எதற்கு என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

எனக்கு இந்த நோய் வந்து 9 வருடம் ஆகிறது. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும். புடவைக்குக் கொசுவம் வைக்க விரல் மடங்குகிறதா என்று காட்டாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும். அதற்காக ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் ஃப்ரைஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவும் உருவாக்கி 1980இல் வெளியிட்டதுதான் இந்த எச்.ஏ.க்யூ. (ஹெல்த் அசெஸ்மென்ட் கொஸ்டினேர்) என்ற கேள்வித்தாள்.

மொத்தம் 20 கேள்வி, 8 பிரிவு. உடுத்துவது, எழுந்திருப்பது, சாப்பிடுவது, நடப்பது, குளிப்பது, எட்டி எடுப்பது, இறுக்கிப் பிடிப்பது, அப்புறம் கடை கண்ணி, வீட்டு வேலை எல்லாம் சேர்த்து ஒரு பிரிவு. போன ஒரு வாரத்தை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். சிரமமே இல்லை என்றால் 0, கொஞ்சம் சிரமம் 1, ரொம்பச் சிரமம் 2, முடியவே இல்லை 3. ஒரு பிரிவில் எது அதிகமோ அதை எடுத்து, எட்டையும் கூட்டி எட்டால் வகுப்பார்கள்.

அதில் ஒரு கேள்வி: நிறைந்த டம்ளரை வாய் வரை தூக்க முடிகிறதா? நான் யோசிக்காமல் 0 போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போதுதான் கவனித்தேன். டம்ளரில் பாதிதான் ஊற்றியிருக்கிறேன். அதையும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்குகிறேன். மீதி டவராவில் இருக்கிறது. எத்தனை மாதமாக இப்படிக் குடிக்கிறேன் என்று எனக்கே நினைவில்லை.

உடுத்துவதிலும் 0 போட்டிருந்தேன். ஜாக்கெட் ஹூக் மாட்டிவிடுவது என் மகள். ஊறுகாய் பாட்டிலைத் திறப்பது வீட்டுக்காரர். இந்தத் தாளில் ஒரு விதி இருக்கிறது: ஒரு பிரிவில் இன்னொருவர் உதவியோ ஏதாவது கருவியோ தேவைப்பட்டால், நாம் 0 போட்டிருந்தாலும் 1 போட்டிருந்தாலும் அது 2 ஆகிவிடும். அதனால் யார் உதவுகிறார்கள் என்பதையும் தயவுசெய்து குறியுங்கள்.

சரி, என் கணக்கைச் சொல்கிறேன். முதலில் கூட்டியபோது 4 வந்தது. எட்டால் வகுத்தால் 0.5. உண்மையாக நிரப்பியபோது 10, அதாவது 1.25. சுமார் 0.22 மாறினாலே நோயாளி உணரக்கூடிய மாற்றம் என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நான் மறைத்தது அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். மருந்தை மாற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பவருக்கு இது தெரியாமலே இருந்திருக்கிறது.

மூலத் தாளில் இறைச்சி வெட்டுவது, தொட்டியில் குளிப்பது என்றெல்லாம் வரும். நம் ஊர் வாழ்க்கைக்கு ஏற்ற இந்திய வடிவமும் இருக்கிறது, 12 கேள்வி. சம்மணம் போட்டு உட்காருவது, ஆட்டோவில் ஏறி இறங்குவது போன்றவை அதில் உண்டு. எது கிடைக்கும் என்று உங்கள் ரூமட்டாலஜிஸ்ட்டிடம் (மூட்டுவாத மருத்துவரிடம்) கேளுங்கள்.

இன்னொன்று. பகல் 11 மணிக்கு டாக்டர் அறையில் விரல்கள் ஓரளவு இளகியிருக்கும். காலை 6 மணிக்கு என் கை பால் பாக்கெட்டைக்கூடப் பிரிக்காது. வியாழக்கிழமை எனக்கு அடுத்த செக்கப். இந்த முறை தாளை முன்கூட்டியே வாங்கி வந்துவிட்டேன். அடுப்படியில் வைத்து, காலையிலேயே நிரப்பப் போகிறேன்.