அன்பளிப்பு என்ற மாணவன் ஆபீசுக்கு வரவும்

நடுவர் அவர்களுக்கும், தாளாளர் அவர்களுக்கும், இரு அணிக்கும், பழைய மாணவர்களுக்கும் மொத்தமாக ஒரு வணக்கம். தனித்தனியாகச் சொன்னால் என் பத்து நிமிஷத்தில் நாலு போய்விடும். அசனம் என்கிற பொது விருந்துக்காகப் பின்பக்கம் ஆட்டுக்கறி கொதிக்கிற வாசனை வேறு வருகிறது. அந்த வாசனைக்கு எதிராகப் பேசி ஜெயித்தவன் பாளையங்கோட்டையில் யாரும் இல்லை.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். நம்ம பள்ளியின் செய்தியை உயிரோடு வைத்திருப்பது அசெம்பிளி மேடையா, வாட்ஸ்அப் குழுவா? நான் அசெம்பிளி மேடைக் கட்சி. இந்த அணியில் என்னைப் போட்டதற்கு என் வாதத்திறமை காரணம் இல்லை. அந்த மேடையால் அதிகமாக மானம் போனவன் நான்தான் என்று பழைய மாணவர் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு குத்து விட்டார். "அசெம்பிளி அறிவிப்பை எவன் கேட்டான்? முதல் வரிசையில் நாலு பேர் கேட்டான். மற்றவனெல்லாம் முன்னால் நிற்கிறவன் கழுத்தில் எறும்பு ஊர்வதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், பழக்கதோஷம்.

ஆமாம் ஐயா, எறும்பைத்தான் பார்த்தோம். நான் மறுக்கவில்லை. அந்த வேப்பமரத்தடியில் நின்றவனுக்கு எறும்பு ஊராமல் வேறென்ன ஊரும்? ஜெபம் முடிந்து, ஞானப்பாட்டு முடிந்து, வேத வாசிப்பு முடிந்து, திருக்குறள் சொல்லி, பேப்பர் செய்தி வாசித்து, உறுதிமொழி எடுத்து, அப்புறம்தான் அறிவிப்பு. அதற்குள் எறும்பு காலரிலிருந்து காதுவரை போய்த் திரும்பி வந்துவிடும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எனக்கு முன்னால் நின்றவன் ஒரே ஆள். உயர வரிசையில் நாங்கள் ரெண்டு பேரும் மாறவே இல்லை. ஏழு வருஷம் அவன் கழுத்தைப் பார்த்திருக்கிறேன். இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம், அதற்குக் கீழே கேரம் போர்டு சண்டையில் வாங்கிய தழும்பு. போன வருஷம் எழும்பூர் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டர் வரிசையில் நிற்கிறேன். முன்னால் ஒரு வழுக்கைத் தலை. தலை மாறிவிட்டது, கழுத்து மாறவில்லை. "ஏல!" என்றேன். திரும்பினான். அவனேதான்! இருபத்தைந்து வருஷத்துக்கு மேலான பிறகு ஒருத்தனைப் பின்னாலிருந்து அடையாளம் கண்டுபிடித்தேன். நண்பரே, உங்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிற முகப்புப் படத்தில் பாதிப் பேர் ரோஜாப் பூ, மீதிப் பேர் பேரக்குழந்தை. அங்கே எவன் கழுத்தை நான் பார்ப்பேன்?

ராமநாதபுரத்தில் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்தவர் அப்துல் கலாம். அவர் கழுத்திலும் எறும்பு ஊர்ந்திருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு பின்னால் நின்றவன் யாரோ, அவன் எவ்வளவு பெரிய பாக்கியவான்! எறும்பை விடுகிறேன். நடுவர் முறைக்கிறார்.

எதிரணித் தலைவர் சரித்திரத்துக்குப் போனார். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார், அச்சு எந்திரம் வரவழைத்தார், 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார், அந்த மனுஷன் இன்றைக்கு இருந்தால் வாட்ஸ்அப் குழுதான் ஆரம்பித்திருப்பார் என்றார். ஆரம்பித்திருப்பார், சரி. ஆனால் அவர் தமிழ் படித்தது எப்படி? திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிப் படித்தார். பக்கத்தில் இருக்கிற பொடியன் எழுத்தைப் பார்த்துத்தான் படித்திருப்பார். அது எங்கள் கட்சி.

2023 டிசம்பர் 17, 18 மழையைச் சொன்னார்கள். தாமிரபரணி கரையேறிய அந்த ரெண்டு நாளில் யார் வீட்டில் தண்ணீர், யாருக்கு மாத்திரை என்று குழுவில்தான் கேட்டோம். நிஜம். இதில் நான் விதண்டாவாதம் பேச மாட்டேன். கரண்டும் டவரும் போன பிறகு எல்லோரும் பள்ளி வராந்தாவுக்குத்தான் வந்து நின்றோம் என்பதை மட்டும் ஓரமாகச் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

இப்போது என் கதை. சங்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் தெரியாத மாதிரி உட்காருங்கள்.

1991, ஜூலை. நான் ஆறாம் வகுப்பு, பள்ளிக்குப் புதுசு. சம்பளம் கட்டிப் படிக்கிற பள்ளி. அப்பா தவறிய பிறகு, எங்கள் தெரு முனைக் கோயில் ஐயர் சிபாரிசில் பாதிச் சம்பளத்துக்கு எனக்கு இடம் கிடைத்தது. வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம்: திருநெல்வேலிப் பக்கம் சபைப் போதகரையும் ஐயர் என்றுதான் சொல்வோம். நான் திருநீறு பூசிக்கொண்டு போய் ஐயரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கினேன் என்றால் அது எந்த ஐயர் என்று என் மாமியார் வீட்டில் இன்றைக்கும் குழப்பம்.

அசெம்பிளி. எச்.எம். ஐயா மேடையில் நிற்கிறார். கையில் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதைத் தூக்கிக் காட்டுகிறார், வெயிலில் பளீரென்று மின்னுகிறது. "நேற்று சாயங்காலம் சிற்றாலய வராந்தாவில் இது கிடந்தது. பேர் வெட்டியிருக்கிறது" என்று மூக்குக்கண்ணாடியை இறக்கி வாசிக்கிறார். "அன்பளிப்பு. அன்பளிப்பு என்ற மாணவன் ஆபீசுக்கு வந்து வாங்கிக்கொள்ளவும்."

சிரிக்காதீர்கள். அன்றைக்கு ஒருத்தன்கூடச் சிரிக்கவில்லை. ஏன் என்றால் அது எந்தப் பள்ளி? எங்கள் வகுப்பில் மட்டும் மூன்று ஆசீர்வாதம், ரெண்டு காணிக்கைராஜ், ஒரு சமாதானம். அந்தச் சமாதானம்தான் எல்லா அடிதடியிலும் முதல் ஆள், அது வேறு. காணிக்கை இருக்கிற இடத்தில் அன்பளிப்பு இருக்கக் கூடாதா? ஆயிரத்து இருநூறு பேரும், யாரோ ஒரு அன்பளிப்பு இருக்கிறான் என்று நம்பினார்கள்.

யாரும் போகவில்லை. எச்.எம். மறுபடி சொன்னார்: "அன்பளிப்பு இன்றைக்கு லீவா?" பி.டி. சார் விசில் ஊதிவிட்டு மைக்கில் கத்தினார்: "ஏல அன்பளிப்பு, எங்கிட்டுல நிக்க?" எங்கள் வகுப்பு டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து, ‘அ’ வரிசையில் விரல் வைத்துத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். ஆபிரகாம், ஆரோன் எல்லாம் தாண்டி விரல் போகிறது. அன்பளிப்பைக் காணோம்.

அது என் டப்பா. அம்மா கல்யாணத்துக்குத் தாய்மாமா வாங்கிக் கொடுத்தது. பாத்திரக்கடையில் புள்ளி புள்ளியாக மாமா பேர், தேதி எல்லாம் வெட்டியிருந்தார்கள். பதினான்கு வருஷம் சாம்பல் போட்டுத் தேய்த்ததில் மாமாவும் தேதியும் தேய்ந்துபோய், ‘அன்பளிப்பு’ மட்டும் மிச்சம். முழங்கால் நடுங்க வரிசையை விட்டு வெளியே வந்தேன். ஆயிரத்து இருநூறு கழுத்தும் திரும்பியது. எறும்பும் திரும்பியிருக்கும்.

"நீதான் அன்பளிப்பா?"

"இல்ல சார்."

"அப்ப இது யாரு பேரு?"

"பாத்திரத்தோட பேரு சார்."

இப்போது சிரியுங்கள். அன்றைக்கு இப்படித்தான் சிரித்தார்கள். முதல் பீரியட் முழுக்க வேப்பமரக் காக்காய்கூடத் திரும்பி வரவில்லை.

அதோடு என் சொந்தப் பேர் பள்ளியில் செத்தது. விளையாட்டு விழாவில் "நூறு மீட்டர், மூன்றாம் பரிசு அன்பளிப்பு" என்று அறிவித்தார்கள். சிறப்பு விருந்தினர் பாவம், மூன்றாம் பரிசுக்கு ஏதோ அன்பளிப்பு கொடுக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து, தன் பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டார். சபையின் நன்றி விழாவான ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயைக் கேட்டேன். ஐயர், "அன்பளிப்பு முப்பது ரூபாய்" என்றார். கூட்டத்தில் ஒரு பாட்டி, "அன்பளிப்பா கொடுக்கிறதுக்கு எதுக்கு ரூபாய்?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். கடைசியில் என் கல்யாணம். பத்திரிகையில் வழக்கம்போல ‘அன்பளிப்பைத் தவிர்க்கவும்’ என்று அச்சடித்திருந்தேன். சமாதானம் போன் பண்ணினான். "ஏல, உன் கல்யாணத்துக்கு உன்னையே தவிர்க்கச் சொல்லி அடிச்சிருக்கியே, பொண்ணு வீட்டுக்குத் தெரியுமா?"

உங்கள் குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். ஒருத்தன் போனிலாவது என் சொந்தப் பேர் இருக்கிறதா, எடுத்துப் பாருங்கள். நடுவர் அவர்களே, நீங்களும்தான். உங்கள் போனைக் காட்டுங்கள். காட்ட மாட்டேன் என்கிறார்.

முன்வரிசையில் ஒருத்தர் கதை ஆரம்பித்ததிலிருந்து, "டப்பாவுக்குள்ள என்ன குழம்பு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். முப்பது வருஷமாக இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன், அதை மட்டும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

ஒன்றும் இல்லை. காலி.

முந்தின நாளும் காலி, அதற்கு முந்தின நாளும் காலி. சத்துணவு அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் உண்டு, சம்பளம் கட்டுகிற பள்ளியில் கிடையாது. அம்மாதான் சொன்னாள்: "வெறுங்கையோட போனா நாலு பிள்ளைங்க கேக்கும்ல, டப்பாவைக் கொண்டு போ." மத்தியானம் மணி அடித்ததும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு சிற்றாலய வராந்தாவுக்குப் போய்விடுவேன். அங்கே யாரும் சாப்பிட வர மாட்டார்கள். அன்றைக்குத் தூங்கிவிட்டேன். மணிச் சத்தம் கேட்டு ஓடியதில் டப்பா கிடந்துபோனது.

மேடையில் கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தபோது எச்.எம். ஐயா டப்பாவை என்னிடம் தரவில்லை. "ஆபீசுக்கு வா" என்றார். பிரம்படி நிச்சயம் என்று நினைத்துத்தான் போனேன். கதவைச் சாத்தினார். மூடியைத் திறந்து, உள்பக்கம் விரலால் ஒரு தடவு தடவினார். விரலைப் பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, மஞ்சள் கறை இல்லை. காலியான டப்பாவுக்கும் சாப்பாடே போடாத டப்பாவுக்கும் வித்தியாசம் தெரிந்த மனுஷன். எதுவும் கேட்கவில்லை. "மத்தியானம் வந்து வாங்கிக்க" என்றார்.

மத்தியானம் போனேன். டப்பா கனத்தது. காம்பவுண்டுக்குள்ளேயே அவர் வீடு, அவர் மனைவி, நாங்கள் எச்.எம். அம்மா என்போம், சாளை மீன் குழம்பு ஊற்றிச் சோறு வைத்திருந்தார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் ஃபைலைப் பார்த்தபடி சொன்னார்:

"நாளைக்கும் மறந்து வச்சிட்டுப் போல."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற வரைக்கும் நான் தினமும் அந்த டப்பாவை வராந்தாவில் தொலைத்தேன். மறுபடி ஒரு நாள்கூட அவர் அதை மேடையில் அறிவிக்கவில்லை. சோறு கிடைத்த அந்த முதல் நாள் சாயங்காலம் அம்மா கழுவுவதற்கு மூடியைத் திறந்தாள். ஓரத்தில் ஒரு முள் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு அந்த டப்பாவைத் தேய்த்த மாதிரி அவள் எந்தப் பாத்திரத்தையும் தேய்த்து நான் பார்த்ததில்லை.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். தலைப்பை விட்டு எங்கேயோ போய்விட்டேன் என்று எனக்கும் தெரிகிறது. ஒரு நிமிஷம்.

போன நவம்பரில் காலை ஐந்து மணிக்கு, ‘எச்.எம். ஐயா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று செய்தி வந்தது. எதில் வந்தது? வாட்ஸ்அப்பில்தான். எதிரணிக்கு அந்த மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுங்கள் நடுவரே. மேலே ஒரு குட்மார்னிங் ரோஜா, கீழே யாருக்கோ பிறந்தநாள் கேக், நடுவில் அவர். ஒவ்வொருத்தராகக் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தார்கள். எனக்குப் போட வரவில்லை. அன்று ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினேன்.

மறுநாள் பத்து மணிக்கு அடக்க ஆராதனை. கோயில் நிறையக் கூட்டம், நான் கடைசித் தூணோரம் நின்றேன். எல்லாம் முடிந்து எச்.எம். அம்மாவைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு வந்தார்கள். எண்பது தாண்டிவிட்டது, கண் சரியாகத் தெரியாது. என்னைத் தாண்டிப் போனவர்கள் நின்றார்கள். திரும்பி வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தார்கள்.

"அன்பளிப்பா? ஏல, சாப்பிட்டியா?"