ஹிண்டன்பர்க்: அந்தக் கதறல் இந்தக் காட்சியோடு சேர்ந்து பதிவானதே அல்ல!

[திரையில்: எரிந்து விழும் வான்கப்பல்]

எரிந்து விழும் இந்த வான்கப்பலையும் பின்னணியில் கதறும் குரலையும் யூடியூபில் நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். குரலைப் பதிந்தவர்கள் வேறு, படம் பிடித்தவர்கள் வேறு. இரண்டையும் பின்னாளில்தான் ஒட்டினார்கள். நாகர்கோவிலிலிருந்து வணக்கம்.

பின்னணியைச் சுருக்கிவிடுகிறேன். 1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் இறங்க முயன்ற ஜெர்மானிய வான்கப்பல் ஹிண்டன்பர்க், வானில் மிதப்பதற்காக அதில் நிரப்பியிருந்த ஹைட்ரஜன் வாயு பற்றி எரிந்து அரை நிமிடச் சொச்சத்தில் தரையில் விழுந்தது. கப்பலில் இருந்த 97 பேரில் 35 பேரும், தரைப் பணியாளர் ஒருவரும் இறந்தனர்.

இனி அந்தக் குரலுக்கு வருவோம். சிகாகோ வானொலியின் ஹெர்பர்ட் மாரிசன் பேசியது நேரடி ஒலிபரப்பு அல்ல. இசைத்தட்டு போன்ற தட்டில் ஊசியால் கீறிப் பதிந்து, மறுநாள் ஒலிபரப்பப்பட்டது. அவருடைய இயல்பான குரல் இவ்வளவு கீச்சாகவும் இருக்காது. பதிவு சற்று வேகமாக ஓடுவதால்தான் அப்படிக் கேட்கிறது. கப்பலில் இருந்த எவரும் பிழைக்கவில்லை என்பதுபோல் அவர் கதறுகிறார். பிழைத்தவர்களோ 62 பேர். அப்படியென்றால் இந்தப் பதிவைக் குப்பையில் போட்டுவிடலாமா? அவசரப்படாதீர்கள். வெடிப்பின் அதிர்வு வந்து தாக்கியபோது, தட்டைக் கீறிக்கொண்டிருந்த ஊசி துள்ளியது. அந்தத் தடுமாற்றம் பதிவிலேயே கேட்கிறது. பேசியவர் பதறலாம், மிகைப்படுத்தலாம். ஊசிக்கு மிகைப்படுத்தத் தெரியாது. இறப்பு எண்ணிக்கையைக் கேட்டால் தவறும் அதே தட்டு, அந்த நொடியின் அதிர்வையும் நேரில் நின்றவரின் பதற்றத்தையும் வேறெந்த அறிக்கையும் தராத அளவுக்குத் தருகிறது.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. 2017 ஒக்கிப் புயலின்போது எந்தப் படகில் யார் யார் போனார்கள் என்பதைத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களில் எடுத்த பட்டியல்கள் சொல்லின. புயல் எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்பதை வானிலைத் துறையின் பதிவுகள் சொல்லின. முதலாவதில் காற்றின் வேகத்தையும் இரண்டாவதில் கரை திரும்பாதவரின் பெயரையும் தேடுகிறவரை என்னவென்று சொல்வது! நம்பகமானதா என்பது ஒரு கேள்வி, என் கேள்விக்குப் பயன்படுமா என்பது வேறொரு கேள்வி. தேர்வு எழுதும் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளவும். அப்படியே சப்ஸ்கிரைப் பொத்தானையும் அழுத்திவிடவும்.

செய்திப்படமோ இன்னும் வேடிக்கையானது. கேமராக்காரர்கள் பலர் களத்தில் இருந்தும், முதல் தீப்பொறி ஒருவருடைய படச்சுருளிலும் சிக்கவில்லை. ஆகவே கப்பல் எப்படி விழுந்தது என்பதற்கு அசைக்க முடியாத சான்றான அந்தப் படம், தீ எங்கே தொடங்கியது என்ற கேள்விக்கு வாய் திறப்பதில்லை.

விசாரணை அறிக்கைகளைப் பற்றி ஒரே வாக்கியம்: அமெரிக்காவும் ஜெர்மனியும் தனித்தனியாக விசாரித்து, கசிந்த ஹைட்ரஜன் மின்பொறியால் பற்றியிருக்கலாம் என்ற முடிவுக்கே வந்தன. ஆனால் கப்பலின் கேப்டன் மாக்ஸ் புருஸ், உயிர் பிழைத்த பிறகும் இது சதிச்செயல் என்றே சொல்லிவந்தார். கப்பலை அவரளவுக்கு அறிந்த சாட்சி அரிது. சதி என்று முடிவானால் அவர் கப்பலைத் தரையிறக்கிய விதத்தின் மீது பழி விழாது என்பதும் உண்மை. அவருடைய வாக்குமூலத்தை எந்தக் கேள்விக்கு ஏற்பீர்கள், எந்தக் கேள்விக்குத் தள்ளுவீர்கள்? காரணத்தோடு கமெண்டில் எழுதுங்கள். "சூப்பர் அண்ணா" என்று மட்டும் எழுதுவோருக்கு மதிப்பெண் கிடையாது.