தொடாமல் நகர்த்துகிறவர்கள்

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

காலில் ஒரு சின்னக் கீறல். அதில் சீழ் பிடித்து, காய்ச்சல் ஏறி, ஒருவர் சாகக் கிடக்கிறார். அவர் பிதற்றப் பிதற்ற, அந்தக் கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும் விண்கப்பல் கிடுகிடுவென்று ஆடுகிறது. 1968 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ‘ஸ்டார் ட்ரெக்’ கதை ஒன்று இப்படித் தொடங்குகிறது. கப்பலையே ஆட்டுகிற மனம், ஒரு கீறலைத் தாங்காத உடம்பு. டெலிகைனசிஸ், அதாவது தொடாமலே பொருளை நகர்த்தும் ஆற்றல் பற்றிப் பேச வேண்டும் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் காய்ச்சல்காரர்தான்.

பெயர் பார்மென். அவருடைய கூட்டத்தில் மொத்தம் 38 பேர். தங்கள் சூரியன் வெடித்துப்போனதால் ஊரை விட்டுக் கிளம்பி, பிளேட்டோவின் காலத்தில் பூமியில் தங்கி, பிறகு இங்கே வந்து குடியேறியவர்கள். இந்த மண்ணில் விளைவதைத் தின்றுதான் ஆற்றல் வந்தது. உணவில் கைரோனைடு என்றொரு பொருள் இருக்கிறது, பிட்யூட்டரி சுரப்பி அதை வாங்கிக்கொள்கிறது. இது கதைக்காகக் கற்பித்த வேதியியல்தான். ஆனால் அதன் விளைவை எழுதியவர்கள் ஒழுங்காக யோசித்திருக்கிறார்கள். கை அசைக்காமலே எல்லாம் நடந்துவிடுவதால் உடம்புக்கு வேலை இல்லை. வேலை இல்லாத உடம்பு நோயை எதிர்க்க மறந்துவிட்டது. கீறல் எமனாகிவிட்டது.

அந்த 38 பேரில் ஒருவனுக்கு மட்டும் ஆற்றல் இல்லை. அலெக்சாண்டர். சுரப்பிக் குறையால் உயரமும் வளரவில்லை, சக்தியும் வரவில்லை. அதனால் எல்லோருக்கும் அவன் எடுபிடி, விளையாட்டுப் பொம்மை. மைக்கேல் டன் என்ற நடிகர் அந்தப் பாத்திரத்தில் அப்படியே வாழ்ந்திருக்கிறார். விண்கப்பலிலிருந்து வைத்தியம் பார்க்க வந்த டாக்டர் மெக்காயைத் தங்களோடு இருத்திக்கொள்வதற்காக, அந்தக் கப்பலின் கேப்டன் கிர்க்கையும் அவருடைய அதிகாரி ஸ்பாக்கையும் ஆட்டுவிக்கிறார்கள். சிரிக்கவே சிரிக்காத ஸ்பாக்கைச் சிரிக்க வைக்கிறார்கள், அழ வைக்கிறார்கள். கிர்க் குதிரைபோல மண்டியிட்டு, முதுகில் அலெக்சாண்டரைச் சுமக்கிறார். கிர்க்கும் அதே கப்பலின் பெண் அதிகாரி உஹூராவும் முத்தமிட்டுக்கொள்ளும் காட்சிக்காகவே இந்தக் கதையை இன்றும் பேசுகிறார்கள். வெள்ளையர் ஒருவரும் கறுப்பினப் பெண் ஒருவரும் திரையில் முத்தமிட்டது அன்றைக்குப் பெரிய விஷயம்தான். ஆனால் கதைக்குள் அது இருவரும் விரும்பித் தந்த முத்தம் அல்ல, ஆட்டுவித்தவர்கள் போட்ட ஆட்டம். எனக்கு அந்த இடம் பார்க்கவே வலிக்கும். மேசை நகர்ந்தால் அது வித்தை. மனிதன் நகர்த்தப்பட்டால் அது அடிமைத்தனம்.

மெக்காய் ரகசியத்தைக் கண்டுபிடித்து, கைரோனைடை ஊசியாகப் போட ஏற்பாடு செய்கிறார். கிர்க்கும் ஸ்பாக்கும் போட்டுக்கொள்கிறார்கள். அலெக்சாண்டரிடம் உனக்கும் போடலாம் என்கிறார்கள். இத்தனை காலம் மிதிபட்டவன் வேண்டாம் என்கிறான். அவர்களைப் போல ஆகிவிட விரும்பவில்லை. இந்த ஊரை விட்டுக் கூட்டிப்போனால் போதும், அவ்வளவுதான் அவன் கேட்பது. இந்த ஆற்றலைப் பற்றி ‘ஸ்டார் ட்ரெக்’ கதைகளில் சொல்லப்பட்டவற்றில் இதைவிடப் பெரிய பேச்சு எதையும் நான் கேட்டதில்லை.

1966-இலேயே இதே தொடரில் இதற்கொரு முன்னோடிக் கதை உண்டு. சார்லி என்ற 17 வயதுப் பையன். குழந்தையாக விபத்தில் தனித்துப்போனவனை, உடம்பே இல்லாத ‘தேஸியர்கள்’ என்ற இனத்தார் காப்பாற்றி, பிழைத்துக் கிடக்கட்டும் என்று ஆற்றலைக் கொடுத்தார்கள். கொடுத்ததைத் திரும்ப எடுக்க வழியில்லை. மனிதர்களிடையே வந்தவனுக்குக் கோபத்தை அடக்கத் தெரியாது. பிடிக்காதவர்களைக் காணாமல் போக்கிவிடுகிறான். கடைசியில் தேஸியர்களே வந்து அழைத்துப் போகிறார்கள். அங்கே அன்பே கிடையாது, அவர்களைத் தொடக்கூட முடியாது என்று பையன் கதறுகிறான். தொடாமலே எதையும் அசைக்கத் தெரிந்தவனுக்குத் தொடுகைதான் வேண்டியிருந்தது.

1995-இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்’ தொடரின் ஒகம்பா இனம் எதிர்ப்பக்கத்துக் கதை. அவர்களுக்கு ஆயுள் 9 ஆண்டுதான். முன்னோருக்குப் பெரிய மனோசக்தி இருந்தது. பராமரிப்பாளர் ஒருவர் நிலத்தடியில் வைத்து எல்லாவற்றையும் ஊட்டிவிட, தலைமுறை தலைமுறையாக அது மங்கிப்போனது. பார்மென் கூட்டம் உடம்பை இழந்தது. இவர்கள் சக்தியை இழந்தார்கள். இரண்டு பக்கமும் பழகாததுதான் போய்விட்டது.

அந்த இனத்துப் பெண் கெஸ் வெளியே வந்து, வீட்டுக்கு வெகு தொலைவில் சிக்கிக்கொண்ட வாயேஜர் என்ற விண்கப்பலில் சேர்ந்து, மெல்ல மெல்லப் பழகுகிறாள். செடிகளுக்கு உயிர்ப்பூட்டப் போய் எரித்துவிடுகிறாள். கோப்பை நீரைச் சூடாக்கிக் காட்டும்போது பிடி நழுவி, தனக்குப் பயிற்சி தரும் டூவாக்கின் ரத்தமே கொதிக்கத் தொடங்கிவிடுகிறது. அவர் எப்படியோ பிழைக்கிறார். அதற்குப் பிறகும் அவளுக்குக் கற்றுக்கொடுப்பதை நிறுத்தவில்லை. அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

1997-இல் வந்த அவளுடைய விடைபெறும் கதையில் சக்தி அளவு மீறிப் பெருகுகிறது. கப்பலில் இருந்தால் எல்லோருக்கும் ஆபத்து என்று சிறு ஓடத்தில் விலகிப் போகிறாள். போகும்போது வாயேஜர் கப்பலை ஒரே தள்ளாகத் தள்ளிவிடுகிறாள். 9,500 ஒளியாண்டு! போர்க் என்னும் கொடிய எதிரியின் எல்லை தாண்டியாயிற்று. பல பத்தாண்டுகள் நீளவிருந்த வீடு திரும்பும் வழியில் பத்தாண்டு குறைந்தது. அன்றிரவு டூவாக் தன் அறையில் ஒரு தியான விளக்கை ஏற்றி, சன்னலோரம் வைக்கிறார்.