குழந்தையிடமே கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் மூன்று, நான்கு வாரங்களில், இலங்கையில் மணற்காடு, கொஸ்கொட, காலி ஆகிய மூன்று கடலோரப் பகுதிகளில் ஆய்வாளர்கள் 264 குழந்தைகளை நேரில் சந்தித்துப் பேசினார்கள். பேரிடருக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு 14 முதல் 39 சதவீதம் வரை, இடத்துக்கு இடம் வேறுபட்டது. அறிகுறிகள் ஒரு மாதமாவது நீடித்தால்தான் அதை நோய் என்று சொல்ல முடியும். ஆகவே அது முதற்கட்டக் கணிப்புதான். ஆனால் ஒரே அலைக்கு ஏன் இத்தனை வித்தியாசம்? அன்று கண்ணால் கண்டதும் வீட்டில் பறிகொடுத்ததும்தான் பெரும்பங்கு. அதற்கு முன்பே பட்ட துயரங்களும் சேர்ந்துகொண்டன. அதனால் ‘அன்று என்ன நடந்தது’ என்பதோடு கேள்வியை நிறுத்திவிடக் கூடாது.

யாரிடம் கேட்பது? பெரும்பாலும் அம்மாவிடம் கேட்கிறோம். “நல்லாத்தான் இருக்கான், சாப்பிடுறான், விளையாடுறான்” என்பார். அவர் எதையும் மறைக்கவில்லை. எல்லாம் போய் நிற்பவருக்குப் பிள்ளை அடம்பிடிக்காமல் இருப்பதே பெரிய ஆறுதல். அம்மா அழுதுவிடுவாளே என்று பிள்ளையும் வாய் திறப்பதில்லை. இரவில் அலை வந்து எழுப்புவது அவனுக்கு மட்டும்தான் தெரியும். தனியாக உட்கார்த்தி, அவசரப்படாமல் அவனிடமே கேட்க வேண்டும்.

சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லத் தெரியாது. அவர்கள் விளையாட்டைப் பாருங்கள். மணலில் வீடு கட்டும், தண்ணீர் ஊற்றிக் கரைக்கும், மறுபடி கட்டும். பல பிள்ளைகள் ஆடும் ஆட்டம்தான். ஆனால் முகத்தில் சிரிப்பே இல்லாமல், வாரக்கணக்கில் அதே ஆட்டம் என்றால் கவனிக்க வேண்டும்.

எட்டு வயதோ அதற்கு மேலோ என்றால் எட்டே கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. நினைக்க விரும்பாதபோதும் அந்த நினைப்பு வருகிறதா, அதைப் பற்றிப் பேசாமல் ஒதுங்குகிறாயா என்ற மாதிரி. மொத்தம் 40 மதிப்பெண். 17 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பேசிப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். பிள்ளைக்கு நோய் என்று முத்திரை குத்த அது போதாது.

நிவாரண முகாம்களுக்குப் படிவத்தோடு போகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: 17-ஐத் தொட்ட அல்லது தாண்டிய பிள்ளையை நாளைக்கு எங்கே அனுப்பப் போகிறீர்கள்? அந்த மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ முதலில் பேசி வைத்துவிட்டு, அப்புறம் படிவத்தை நீட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.