பாபிலோன் 5: கப்பலைப் பார்த்தா கட்டினவங்க தெரியுவாங்க

[காட்சி: கரிய வெளியில் X வடிவச் சிறு போர்க்கலம் ஒன்று பாய்கிறது. பின்னால் எதிரி.]

இந்தக் குட்டிப் போர்க்கலத்தைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. எதிரி பின்னாலேயே துரத்துறான். இது வட்டம் அடிச்சுத் திரும்பல. மூக்கை மட்டும் சட்டுன்னு பின்பக்கம் திருப்புது. ஆனா போய்க்கிட்டிருந்த திசையில, அதே வேகத்துல போய்க்கிட்டே இருக்கு. அதாவது, பின்னோக்கி நகர்ந்துக்கிட்டே எதிரியைச் சுடுது.

இதுக்குப் பேர் ஸ்டார்ஃப்யூரி. விண்வெளி நிலையம் ஒண்ணைச் சுத்தி நடக்குற 'பாபிலோன் 5'ங்கிற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்ல பூமிக்காரங்க ஓட்டுற போர்க்கலம். விண்வெளிச் சண்டைன்னா விமானம் மாதிரி சாய்ஞ்சு வளைஞ்சு பறக்குறதைத்தான் நாம நிறையப் பார்த்திருக்கோம். விமானம் அப்படி வளையுறதுக்குக் காரணம் காத்து. அதோட இறக்கை காத்தைத் தள்ளித்தான் திரும்ப முடியும். விண்வெளியில தள்ளுறதுக்குக் காத்தே கிடையாது. ஒருதடவை கிளம்பிட்டா, வேற விசை வந்து தடுக்கிற வரைக்கும் போய்க்கிட்டேதான் இருக்கும். பள்ளிக்கூடத்துல படிச்ச நியூட்டனோட முதல் விதிதான்.

அப்போ X வடிவத்துல நீட்டிக்கிட்டிருக்கிற அந்த நாலு கை எதுக்கு? இன்ஜினுங்க எல்லாம் கையோட நுனியில இருக்கு பாருங்க. ஒரு கதவைக் கீல் பக்கத்துல தள்ளினா அசையவே அசையாது. கைப்பிடி ஓரத்துல தள்ளினா லேசாத் திறக்கும். அதே கணக்குதான். மையத்துல இருந்து தள்ளி வச்ச இன்ஜின், கொஞ்சம் எரிபொருள்லயே கலத்தைச் சுழற்றிடும்.

[காட்சி: சுழலும் நீள உருளை. அதன் விளிம்பிலிருந்து ஸ்டார்ஃப்யூரிகள் விடுபட்டு விழுகின்றன.]

எனக்கு ரொம்பப் பிடிச்சது அது கிளம்புற விதம். பாபிலோன் 5 நிலையம் 8 கிலோமீட்டர் நீள உருளை. உள்ளே இருக்குறவங்களுக்கு ஈர்ப்பு வேணும்ங்கிறதுக்காகச் சுத்திக்கிட்டே இருக்கும். 1970கள்ல ஜெரார்ட் ஓ'நீல்ங்கிற இயற்பியல் பேராசிரியர் முன்வச்ச விண்வெளிக் குடியிருப்பு யோசனையைத் தழுவினது. ஸ்டார்ஃப்யூரி அதோட விளிம்புல தொங்கிக்கிட்டிருக்கும். பிடியை விட்டா போதும், கவண்ல இருந்து கல் புறப்படுற மாதிரி வெளியே போயிடும்.

ஒரு இடம் மட்டும் எனக்கு இடிக்குது. நிலையத்தோட எடை 25 லட்சம் டன், உள்ளே இருக்கிறவங்க இரண்டரை லட்சம் பேர்னு தொடரே சொல்லுது. ஆளுக்குப் பத்து டன்தான். அவ்வளவு பெரிய ஊருக்கு இது ரொம்பவே லேசு.

இந்தக் காட்சிகளை எப்படி எடுத்தாங்க? அதுவரைக்கும் பொம்மைக் கப்பலைக் கம்பியில மாட்டிப் படம் பிடிக்கிறதுதான் வழக்கம். ஃபவுண்டேஷன் இமேஜிங்னு ஒரு சின்ன நிறுவனம், வீட்டு மேசையில இருக்கிற அமிகா கணினிகளை வச்சே எல்லாத்தையும் வரைஞ்சது. தொடருக்கு முன்னாடி, 1993ல வந்த முதல் படத்துக்கே (பைலட்) காட்சி விளைவுகளுக்காக எம்மிங்கிற தொலைக்காட்சி விருது கிடைச்சது. கம்பி இல்லாததால கப்பல் எந்தப் பக்கமும் உருளலாம்.

தொடரை உருவாக்கின ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி, மொத்தம் 110 அத்தியாயத்துல 92 அத்தியாயத்தைத் தானே எழுதினார். அதனாலதான் ஒரு கப்பலோட வடிவத்துக்கும் அந்த இனத்தோட குணத்துக்கும் நடுவுல இவ்வளவு பொருத்தம் இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

[காட்சி: மீன் துடுப்பு போன்ற மின்பாரிக் கப்பல்கள், பீரங்கி வாய்கள் திறந்தபடி.]

மின்பாரிங்கிற வேற்றுக்கிரக இனத்தைப் பாருங்க. பூமிக் கப்பல்ல ஈர்ப்பு வேணும்னா நடுப்பகுதி சுத்தணும், இல்லேன்னா ஆளுங்க இருக்கையில பட்டை கட்டிக்கிட்டு உட்காரணும். மின்பாரிக் கப்பல்ல அந்தக் கவலையே இல்லை, செயற்கை ஈர்ப்பு இருக்கு. முதல் சந்திப்புல அவங்க பீரங்கி வாயைத் திறந்து வச்சுக்கிட்டு வந்தாங்க. அவங்க வழக்கத்துல அது மரியாதை. "எங்க ஆயுதத்தை ஒளிக்கல"ன்னு அர்த்தம். பூமிக் கப்பலோட தலைவருக்கு அது தாக்குதலாத் தெரிஞ்சது. சுட்டுட்டார். மின்பாரித் தலைவர் டுகாட் செத்துப்போனார். கதைப்படி 2245ல தொடங்கின அந்தப் போர்ல மனித இனமே அழியுற நிலைக்கு வந்துச்சு. பூமியோட பீரங்கிகளால மின்பாரிக் கப்பலைக் குறி வைக்கவே முடியல.

இனிமே கதையோட முக்கியமான இடங்களைச் சொல்லப்போறேன். தொடரைப் பார்க்காதவங்க இங்கேயே நிறுத்திட்டு, பார்த்துட்டு வாங்க.

[காட்சி: செந்நிறச் சுழிகள் நிறைந்த ஹைப்பர்ஸ்பேஸ். தூரத்தில் கருஞ்சிலந்தி போன்ற உருவம்.]

நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போக ஹைப்பர்ஸ்பேஸ்ங்கிற குறுக்குவழி வெளி இருக்கு. சின்னக் கலங்களுக்கு வாசல் வேணும். பெரிய கப்பல் தானே வழியைத் திறந்துக்கும். ஆனா உள்ளே போனா திசையே தெரியாது. வழிகாட்டிச் சிக்னலைத் தவறவிட்டா தொலைஞ்சதுதான். இரண்டாவது பருவத்துல கோர்ட்டெஸ்ங்கிற கப்பல் அப்படித் தொலைஞ்சு போகுது. ஸ்டார்ஃப்யூரிகளை வாசல்ல இருந்து ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நிறுத்தி, கயிறு விடுற மாதிரி அதைத் தேடுறாங்க. அங்கேதான் ஒரு பைலட் கண்ணுல அந்தக் கருப்புக் கப்பல் படுது.

அது ஷேடோக்கள்ங்கிற பழமையான இனத்தோட கப்பல். அந்தக் கப்பல்ல ஜன்னல் இல்லை, விளக்கு இல்லை. தோல் மாதிரி மினுமினுக்குது. கடந்து போறப்போ மனசுக்குள்ளே ஒரு அலறல் கேட்கும். ஒரே கதிர்ல மற்றக் கப்பல்களை இரண்டாப் பிளந்துடும். அதோட மையத்துல உயிருள்ள ஒரு ஆளைப் பொருத்தியிருப்பாங்க. அவர் ஓட்டுநர் இல்லை, உதிரி பாகம். கப்பலோட மூளையே அவர்தான். தன் பேர்கூட அவருக்கு மிஞ்சாது.

மனசைப் படிக்கிற டெலிபாத்துகளைக் கடத்திக்கிட்டுப் போய், தலையில கருவிகளைப் பதிச்சு இதுக்காகத் தயார் பண்றாங்க. அதே டெலிபாத்துகள்தான் ஷேடோ கப்பலுக்கு எதிரியும். மூன்றாவது பருவத்துல லைட்டாங்கிற டெலிபாத் தன் மனசால ஒரு ஷேடோ கப்பலை அசையவிடாம நிறுத்துறா. ரத்தம் வர்ற அளவுக்குப் போராட வேண்டியிருக்கு. எந்தப் பீரங்கியும் கொடுக்காத நம்பிக்கையை அந்த ஒரு காட்சி கொடுக்குது.

ஷேடோக்களோட எதிரிகள் வோர்லான்கள்ங்கிற இன்னொரு பழமையான இனம். இவங்க கப்பலும் உயிருள்ளதுதான், ஆனா பூ மாதிரி அழகு. நிலையத்துல இருக்கிற அவங்க தூதர் கோஷ் எப்பவும் ஒரு கவசத்துக்குள்ளேயே இருப்பார். ஒருதடவை எல்லார் முன்னாலயும் வெளியே வந்தப்போ, பார்த்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அவங்கவங்க இனத்தோட தேவதூதரா, தெய்வமாத் தெரிஞ்சார். காரணம், பல காலத்துக்கு முன்னாடியே எல்லா இனங்களோட மனசுலயும் வோர்லான்கள் அந்த உருவத்தைப் பதிச்சு வச்சிருந்தாங்க. ஷேடோக்கள் "உனக்கு என்ன வேணும்?"னு கேட்பாங்க. வோர்லான்கள் "நீ யார்?"னு கேட்பாங்க. நாலாவது பருவத்துல ரெண்டு பேருமே கிரகங்களை அழிக்கிற ஆயுதங்களோட வர்றாங்க. அதைப் பார்த்த பிறகு, கோஷோட தேவதூதர் காட்சியை என்னால பழைய மாதிரி பார்க்க முடியல.

[காட்சி: இரு பெரும் படைகள் எதிரெதிரே. நடுவில் சிறு கப்பல்களின் கூட்டம்.]

ஷேடோக்களுக்கும் வோர்லான்களுக்கும் நடந்த அந்தப் போரை முடிச்சு வைச்சது பெரிய ஆயுதம் இல்லை. "உங்க சண்டை எங்களுக்கு வேண்டாம், எங்களை விட்டுட்டுப் போங்க"ன்னு நிலையத்தோட தலைவர் ஷெரிடனும் மின்பாரித் தூதர் டெலனும் அந்த ரெண்டு இனத்தோட முகத்துக்கு நேரே சொல்றாங்க. கோபத்துல ஷெரிடனோட கப்பலைக் குறி வச்சு ஒரு ஏவுகணை பாயுது. அதோட வழியில, யாரும் உத்தரவு போடாமலே, சின்ன இனத்தோட ஒரு கப்பல் குறுக்கே வந்து நிற்குது. அதுல செயற்கை ஈர்ப்பு இருந்ததா, என்ன பீரங்கி இருந்ததான்னு நாம யோசிக்கிறதுக்குள்ள அது வெடிச்சுச் சிதறிடுது.